ஏழு வீல் சேர்களும் ஒரு வெள்ளிக்கிழமையும்

1

“இன்னொண்ணு வந்துட்டுக்கா.”

“என்னது?”

“வண்டிதான்.”

“எத்தனாவது?”

“ஏழு. பார்சல் ஆபீஸ்காரரு போன் போட்டு, ‘ஏம்மா, வாடகைக்கு விடப்போறீங்களா?’ங்கிறாரு.”

“எல்லாத்தையும் எங்க வெச்சிருக்க?”

“ஒண்ணுல வடகம் காயுது. ஒண்ணுல உர மூட்டை இருக்கு. கொல்லையில கெடக்குறதுல கோழி அடையுது. முட்டையும் வெச்சிட்டு, எறக்கிவிட மனசு வரல. மத்ததெல்லாம் மடக்கிக் கட்டிலுக்கு அடியில. இத எங்க வெக்கிறதுன்னுதான்…”

நான் சிரித்துவிட்டேன். அந்தப் பக்கம் சிரிப்பு இல்லை.

“அக்கா, ஒண்ணு…”

“சொல்லு அன்னம்.”

“ஒண்ணுமில்ல. வெள்ளிக்கெழம வருவீங்கள்ல?”

“வருவேன்.”

“சரிக்கா. வெச்சிடறேன்.”

இந்தக் கதை இந்தப் பேச்சில்தான் பிறந்தது. 2009 ஜூன் மாதம், ஒரு புதன்கிழமை. போனில் பேசியவள் அன்னபூரணி, வரிச்சிக்குடிக்காரி. கேட்டுச் சிரித்தவள் நான். காரைக்கால் டவுனில் இருந்துகொண்டு மாத நாவல் எழுதுகிறவள். பஸ் ஸ்டாண்டு கடையில் கயிறு கட்டிக் கிளிப் மாட்டித் தொங்கவிட்டிருப்பார்களே, அட்டையில் ஒரு பெண் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பாளே, அதுதான். இதுவரை முப்பத்தொரு நாவல்கள். எல்லாவற்றிலும் குடும்பம் ஒன்று சேர்ந்திருக்கிறது.

என் நாவலில் ஒருவர் ஏதோ சொல்ல வந்து நிறுத்தினால் அது காதல். இருபது பக்கம் கழித்து மழை பெய்யும், சொல்லிவிடுவார்கள். அன்னபூரணி மூன்று வருடமாக என்னிடம் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டிருந்தாள். மூன்று ஐப்பசி மழையும் பெய்து ஓய்ந்துவிட்டது. அது என்ன என்று நான் ஒரு தடவைகூடத் திருப்பிக் கேட்கவில்லை.

2

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். அடித்ததை அழிக்காமல் கீழே விட்டிருக்கிறேன். என் கை எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

முதல் தொடக்கம்: “வரிச்சிக்குடியின் பச்சை வயல்களுக்கு நடுவே, நிலவைப் போல் ஒரு சிறுமி—”

வேண்டாம். வினிதா நிலவைப் போல் இல்லை. அன்னபூரணியின் மகள், வயது பதினாலு. பிறந்தபோது மூச்சு வரத் தாமதமானதில் மூளை முடக்குவாதம். கையும் காலும் விறைத்திருக்கும். தலை நிற்காது. பேச்சு வராது. வாரத்துக்கு இரண்டு தடவையாவது வலிப்பு வரும். அப்போது பக்கத்தில் ஒருவர் இருந்து பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைக்காவிட்டால் வாயில் இருப்பது மூச்சுக்குழலில் போய்விடும். குக்கர் விசில் அடித்தால் சிரிப்பாள். மூன்றாவது விசிலுக்கு மேல் அடித்தால் சத்தமாகச் சிரிப்பாள். நிலவு இதையெல்லாம் செய்யாது.

இரண்டாம் தொடக்கம்: “தோளில் மடிக்கணினியுடன் அந்த உயரமான இளைஞன் பேருந்திலிருந்து இறங்கியபோது, காரைக்காலே ஒரு கணம்—”

காரைக்கால் ஒன்றும் செய்யவில்லை. ஆட்டோக்காரர்கள் மட்டும் ‘திருநள்ளாறா சார்?’ என்று கேட்டார்கள். இளைஞன் பெயர் ஜெயபிரகாஷ். ‘விரல்நுனி’ என்ற சென்னை அமைப்பிலிருந்து வந்தவன். சின்னச் சின்னச் சங்கங்களுக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் வசதிகளைக் கற்றுக்கொடுப்பது அவன் வேலை. (முதல் பிரதியில் இவனுக்குக் கன்னத்தில் ஒரு மச்சம் வைத்திருந்தேன். பழக்கதோஷம். எடுத்துவிட்டேன்.)

மூன்றாம் தொடக்கம், முடிச்சை முதலிலேயே அவிழ்ப்பது:

அன்னபூரணிக்கு வேண்டியது வீல் சேர் இல்லை. வாரத்தில் இரண்டு மணி நேரம், வேறு யாராவது வினிதாவின் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். அதுவே போதும், அது மட்டும் கிடைக்கவில்லை.

கணவன் இல்லையா என்று கேட்பீர்கள். அம்பலவாணன் கோட்டுச்சேரியில் ஒரு அலுவலகத்தில் எழுத்தர், நல்ல மனுஷன். ஆனால் மகள் வயதுக்கு வந்ததிலிருந்து துணி மாற்றுவது, துடைப்பது எல்லாம் தாய்தான் என்று ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தாலும் அறை வாசலில் நின்று ‘அன்னம், அன்னம்’ என்று கூப்பிடத்தான் அவருக்குத் தெரியும். அக்கம்பக்கத்துப் பெண்கள் முன்பு எட்டிப் பார்ப்பார்கள். ஒரு தடவை வலிப்பை நேரில் பார்த்த பிறகு, தெருவில் நின்றே ‘புள்ள எப்புடியிருக்கு?’ என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

முடிச்சை இப்படி முதலிலேயே அவிழ்த்தால் கதை எப்படி ஓடும் என்று என் பதிப்பாளர் கேட்பார். ஓடாது. இந்தக் கதையில் சக்கரம் உள்ளவைகூட ஓடாமல் நிற்கின்றன.

3

2006 ஆகஸ்டில் பயிற்சி வகுப்பு.

காரைக்காலில் இப்படிப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர் சங்கம் ஒன்று உண்டு. பதினொரு குடும்பம். செயலாளர் ரோஷன் பேகம். அவருக்கு இருபது வயதில் ஒரு மகன், நடக்க மாட்டான். ரோஷன் பேகமும் நானும் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். ‘நீதான் எழுதுறவளாச்சே, வந்து ஒக்காரும்மா’ என்று என்னை இழுத்துப்போனது அவர்தான்.

வீட்டைவிட்டு வெளியே வர முடியாதவர்கள் என்பதனால் சேர்ந்த சங்கம் அது. அவர்களுக்கு வகுப்பை வெளியே வைத்தார்கள். அதுவும் ஒரு லாட்ஜின் இரண்டாம் மாடியில். லிஃப்ட் கிடையாது. பதினொரு குடும்பத்தில் நாலு பேர் வந்தார்கள். வீட்டில் மாமியார் இருந்தார், ஆனால் பேத்தியைத் திருப்பிப் படுக்கவைக்க அவருக்குப் பலம் போதாது, அதனால் அன்னபூரணிக்கு வினிதாவை விட்டுவிட்டு வர முடியாது. ஆகவே அம்பலவாணன் மகளைத் தோளில் சாத்தித் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறினார், அன்னபூரணி பின்னாலேயே வந்தாள். புரொஜக்டருக்குப் பின்னால் ஒரு போர்வையை விரித்து வினிதாவைப் படுக்கவைத்தார்கள். அவள் மீது வெளிச்சம் படாத இடம் அது ஒன்றுதான்.

ஜெயபிரகாஷ் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டினான். இலவச மின்னஞ்சல். இலவசக் குழுமடல். இலவச வலைப்பூ. இலவசப் படச் சேமிப்பு. ஆர்க்குட்டில் ஒரு கம்யூனிட்டி, அதுவும் இலவசம்.

“எல்லாமே ஃப்ரீங்க. ஒரு பைசா கெடையாது. நீங்க உங்க டைம மட்டும் போட்டா போதும்” என்றான்.

நேரம் மட்டும். அந்த அறையில் யாரிடமும் இல்லாத ஒரே பொருளைக் கேட்டான். யாரும் சிரிக்கவில்லை, அவர்கள் மரியாதை தெரிந்தவர்கள். நாலு பேருக்கும் மின்னஞ்சல் முகவரி உண்டாக்கிக் கொடுத்தான். நாலு பேரும் கடவுச்சொல்லாகப் பிள்ளையின் பெயரைப் போட்டார்கள். அதற்குப் பிறகு அந்த முகவரிகளை யாரும் திறந்ததாகத் தெரியவில்லை. எங்காவது ஒரு கம்ப்யூட்டரில் ‘வினிதா’ என்று யாராவது தட்டுவார்கள் என்று அவை இன்னும் காத்திருக்கலாம்.*

கடைசியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். ‘உங்கள் தேவை என்ன?’ கட்டங்கள்: வீல் சேர், மருந்து, கல்வி, தையல் இயந்திரம், இதர. அன்னபூரணி ‘இதர’வில் டிக் அடித்து, பக்கத்தில் எழுதினாள்: ‘யாராவது வந்து கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டா போதும்.’

படிவங்களை வாங்கி அடுக்கியது நான். அந்த வரியைப் படித்தது நான். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

* எனக்கும் ஒரு முகவரி போட்டுக் கொடுத்தான். அதில் முதல் வாரமே லாட்டரி விழுந்தது, லண்டனில். இலவசம் என்றால் சும்மாவா.

4

மறுநாள் பாரதியார் வீதியில் ஒரு பிரௌசிங் சென்டர். மரத் தடுப்புக்குள் இரண்டு நாற்காலி. ஜெயபிரகாஷும் நானும் உட்கார்ந்து, எல்லாருக்கும் அனுப்ப ஒரு வேண்டுகோள் மடல் தயாரித்தோம். பதினொரு குடும்பத்தில் ஒன்றை வைத்து எழுத வேண்டும் என்றான். சின்னப் பெண், கிராமம், நல்ல புகைப்படம் என்று பார்த்து வினிதாவை எடுத்தான்.

“இந்தம்மாவுக்கு வேண்டியது ஆள் துணைன்னு எழுதியிருக்காங்களே” என்றேன்.

“அதுக்கு டோனர், அதாவது குடுக்குற ஆளு, கெடையாது மேடம். லண்டன்ல இருக்கவரு எப்புடி வரிச்சிக்குடிக்கு வந்து ஒக்காருவாரு? பொருளாக் கேட்டாத்தான் குடுப்பாங்க. வீல் சேர்னு போடுங்க.”

“அந்தப் பொண்ணுக்கு தலையே நிக்காதுப்பா.”

“அதெல்லாம் டீட்டெய்ல் மேடம். மொதல்ல ஒரு கனவு வேணும்.”

“யாருக்கு?”

“அந்தப் பொண்ணுக்கு. கனவு இல்லாத மெயில யாரும் ஃபார்வேர்ட் பண்ண மாட்டாங்க.”

நான் எழுதினேன். வெட்கத்துடன் இங்கே எடுத்துப் போடுகிறேன்:

“வினிதாவுக்கு ஒரே ஒரு கனவு. ஒரு நாள், காரைக்கால் கடற்கரையில், தன் சொந்தச் சக்கர நாற்காலியில் அமர்ந்து, கடலிலிருந்து எழும் சூரியனைப் பார்க்க வேண்டும். அந்தச் சூரியன் நீங்களாக இருக்கக் கூடாதா?”

ஜெயபிரகாஷ் எழுந்து நின்றான். “மேடம், பின்னிட்டீங்க” என்றான். எனக்குப் பெருமையாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். பொய்யை மேலேயே சொல்லியாகிவிட்டது. வினிதா கண்ணில் வெயில் பட்டால் அழுவாள். கடலை அவள் அதுவரை பார்த்ததே இல்லை.

தேதி போடப் போனேன். கையைப் பிடித்துத் தடுத்துவிட்டான்.

“தேதி வேணாம் மேடம். தேதி போட்டா மெயில் பழசாயிடும்.”

ஊரில் பத்திரம் எழுதுகிறவர்கூடத் தேதி போடாமல் கையெழுத்து வாங்க மாட்டார். நான் பி.ஏ. படித்தவள், தேதி போடாமல் ஒரு பிள்ளையின் பெயரையும் ஊரையும் தகப்பன் செல் நம்பரையும் எழுதி உலகத்துக்கு அனுப்பினேன். ஒரு பட்டன். இலவசம்.

5

முதல் வீல் சேர் நாற்பதே நாளில் வந்தது. சிங்கப்பூரில் இருக்கும் காரைக்கால்காரர் ஒருவர் அனுப்பியது. பெரிய ஆள் உட்காரும் அளவு. வினிதாவை அதில் வைத்தால், வழுக்கிக் கீழே வந்துவிட்டாள். கட்டிவைத்தால் விறைத்துக்கொண்டு அழுதாள். அதோடு வீட்டு நிலைப்படிக்குள் அது நுழையவும் இல்லை.

“நல்ல மனசு அவங்களுக்கு” என்றாள் அன்னபூரணி. “வாசல்ல இருக்கட்டும்க்கா.”

மடல் போய்க்கொண்டே இருந்தது. யாரோ யாருக்கோ அனுப்பி, அவர் இன்னும் நாற்பது பேருக்கு அனுப்பி. பாரிஸில் ஒரு தமிழ்க் குடும்பம், மஸ்கட்டில் ஒரு எலெக்ட்ரீஷியன், கோயம்புத்தூரில் ஒரு அரிமா சங்கம். ஒவ்வொருவரும் தானே முதல் சூரியன் என்று நினைத்தார்கள். ‘வீல் சேர் கிடைத்துவிட்டது, நன்றி, இனி அனுப்ப வேண்டாம்’ என்று நான் ஒரு மடல் எழுதினேன். அதில் கனவு இல்லை. யாரும் ஃபார்வேர்ட் செய்யவில்லை.

இதற்கிடையில் ‘வினிதாவின் கனவு’ என்று ஒரு இலவச வலைப்பூ. வாரம் ஒரு பதிவு போட வேண்டும் என்று ஜெயபிரகாஷ் சென்னையிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தான். அதற்காகத்தான் வெள்ளிக்கிழமைதோறும் வரிச்சிக்குடி போக ஆரம்பித்தேன். வெள்ளிக்கிழமை ஏன் என்றால், அன்றைக்கு நான் நாவல் எழுதுவதில்லை. காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, சாம்பிராணி போட்டு, ஈரத் தலையை நுனியில் முடிந்துகொண்டு ஒன்பதரை பஸ்ஸைப் பிடிப்பேன். பத்து மணிக்குப் போனால் பன்னிரண்டு வரைக்கும் இருப்பேன்.

அன்னபூரணி காப்பி போட்டுத் தருவாள். நான் சின்ன நாற்காலியில் உட்கார்ந்து நோட்டில் எழுதுவேன். வினிதா பாயில் படுத்திருப்பாள். நான் உள்ளே வந்ததும் முகத்தை என் பக்கம் திருப்பிக்கொள்வாள், மூக்கு லேசாக விரியும்.

“தலைக்குக் குளிச்சீங்களாக்கா? நல்லா வாசனையா இருக்கு” என்பாள் அன்னபூரணி. வாராவாரம் இதையேதான் கேட்பாள்.

“ஆமா” என்பேன். எழுதுவேன்.

[இங்கே அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தேன்.]

பதிவுகளுக்குப் பின்னூட்டங்கள் வரும். ‘கண்கள் பனித்தன.’ ‘ஹேட்ஸ் ஆஃப்.’ ‘மனதைத் தொட்டது.’ பாதிப் பேர் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்துரு கிடையாது. என் பதிவு அவர்களுக்கு வெறும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கட்டங்களும் அவர்கள் மனதைத் தொட்டிருக்கின்றன.

நாலாவது வீல் சேர் அனுப்பியவர் போட்டோ கேட்டார். கடற்கரை, வீல் சேர், சூரியன், மூன்றும் வேண்டும். ‘கனவு நிறைவேறியதைப் பார்க்க வேண்டுமல்லவா?’ ஜெயபிரகாஷ் கேமராவோடு வந்து இறங்கினான். வாடகை வேன் வைத்து வினிதாவைக் கடற்கரைக்குக் கொண்டுபோனோம். கிளம்பத் தாமதமாகி, போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பது. சூரியன் எங்களுக்காக நிற்கவில்லை, எரிந்துகொண்டிருந்தது. சக்கரம் மணலில் பாதிவரை புதைந்தது. அம்பலவாணன் பின்னாலிருந்து தலையைப் பிடித்துக்கொண்டார். படத்தில் அவர் கை தெரியக் கூடாது என்று ஒரு துண்டால் மூடினார்கள். வினிதா கண்ணை இறுக்கிக்கொண்டு அலறினாள்.

“அக்கா, இதுக்கு பதிலா ஒண்ணு…” என்று அன்னபூரணி என் பக்கம் திரும்பினாள்.

“அம்மா, பாப்பாவப் பாருங்க, சிரிங்க! ஒன் மோர்!” என்றான் ஜெயபிரகாஷ்.

அவள் சிரித்தாள். அடுத்த நிமிடம் வினிதாவுக்கு வலிப்பு வந்தது. அன்னபூரணி மணலில் மண்டியிட்டு, மகளை இறக்கிப் பக்கவாட்டில் திருப்பி, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கேமரா பைக்குள் போய்விட்டது. அந்தக் காட்சிக்கு டோனர் கிடையாது.

படத்துக்கு நூற்று நாற்பத்துமூன்று பின்னூட்டம். அந்தப் படத்தையும் சேர்த்து மடல் புதிதாகப் புறப்பட்டது. அதனால் ஐந்து, ஆறு, ஏழு.

6

என் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வரும் இடம் இது. கதையை வாசித்துப் பார்த்தால் அன்னபூரணி ஊமையாகத் தெரிகிறாள். அவள் அப்படியில்லை. மீன்காரியிடம் பேரம் பேசும்போது பார்க்க வேண்டும். ‘இந்தச் சங்கரா மீனு காரைக்கால் கடல்ல புடிச்சதா, காரைக்கால் பஸ் ஸ்டாண்டுல புடிச்சதா?’ என்று கேட்கிறவள். அப்படியானால் மூன்று வருடமாக ஏன் வாயைத் திறக்கவில்லை?

எழுதி எழுதிப் பார்த்து இப்போது கண்டுபிடித்தேன். ஒரு வீல் சேர் வந்திருந்தால் கேட்டிருப்பாள். ஏழு வந்துவிட்டதே! வாசலிலும் கொல்லையிலும் கட்டிலுக்கு அடியிலுமாகக் கிடக்கிறது. ‘இத்தன குடுத்த பிறகும் இவளுக்கு என்ன?’ என்று ஊர் கேட்காதா? கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லிச் சொல்லியே அவள் வாய் அடைத்துப்போயிற்று. நான்தான் அடைத்தேன், ஒவ்வொரு பதிவின் கடைசியிலும் ‘அன்னபூரணி கண்ணீர் மல்க நன்றி கூறினார்’ என்று எழுதியது யார்?

இன்னொன்று. அவளைப் பொறுத்தவரை நான் விருந்தாளி. படித்தவள், பஸ் ஏறி வருகிறவள், காப்பி குடிக்கிறவள். வந்தவரை வேலை வாங்குவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. ‘நீங்க ஒக்காருங்கக்கா’ என்று அவள் சொன்னாள். நான் உட்கார்ந்தேன். எங்கே உட்கார வேண்டும் என்று நான் யோசிக்கவில்லை.

(சங்கத்துக்குள்ளேயே ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் மாற்றிப் பார்த்துக்கொண்டால் என்ன என்று ரோஷன் பேகத்திடம் ஒரு நாள் கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது. “பதினோரு பேரும் முங்கிக்கிட்டு இருக்கோம்மா. யாரு யாரத் தூக்குறது?” என்றார்.)

சரி, முடிவு. சில முடிவுகள் தயாராக இருக்கின்றன. பொறுக்கிக்கொள்ளுங்கள்.

முதல் முடிவு: ஜெயபிரகாஷ் மனம் திருந்துகிறான். வேலையை விட்டுவிட்டு வரிச்சிக்குடிக்கு வந்து— இல்லை. போன வாரம்தான் மடல் போட்டிருந்தான். ‘மேடம், வலைப்பூ எல்லாம் அவுட். நாம ஃபேஸ்புக்குக்குப் போயிடலாம். அதுவும் ஃப்ரீ.’

இரண்டாம் முடிவு: அம்பலவாணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அறைக்குள் நுழைகிறார். ‘அன்னம், நீ போ, நான் பாத்துக்கிறேன்’ என்கிறார். இதை நம்ப எனக்கு ஆசை. என் முப்பத்தொரு நாவலிலும் கணவன்மார் தொண்ணூறாவது பக்கத்தில் இப்படித்தான் நுழைவார்கள். ஆனால் இது அந்தப் பக்கங்களில் ஒன்றல்ல.

மூன்றாம் முடிவு: ஏழு வீல் சேர்களையும் ஏழு பேருக்குக் கொடுத்து, ஊரே ஒன்றாகி… இதை என் பதிப்பாளர் கேட்பார். கொடுக்கவும் பார்த்தோம். மற்றப் பத்துக் குடும்பத்தில் ஏழு குடும்பத்துக்கு வேறு யாரோ எழுதிய வேறு மடல்கள் மூலம் வீல் சேர் வந்திருந்தது. மிச்சம் மூன்று பேர் வீட்டு நிலைப்படியும் குறுகல்.

நாலாவது முடிவு ஒன்றும் இருக்கிறது. அது நான் எழுதியதல்ல. அடுத்த பகுதியில் அது நடந்தபடியே இருக்கிறது. அதற்கு நான் சொன்ன பதிலை மட்டும் எழுத மாட்டேன். எழுதினாலும் நம்பாதீர்கள், வினிதாவுக்குக் கனவு கண்ட கை இது. அன்னபூரணி பேசி முடித்த இடத்தில் கதை நிற்கும். அதற்குப் பிறகு வரும் இரண்டு மணி நேரம் உங்களுடையது.

7

வெள்ளிக்கிழமை, பத்து மணி. ஏழாவது வீல் சேர் சாக்குத் துணி பிரிக்காமல் நிலைப்படியை அடைத்துக்கொண்டு நின்றது. புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதைச் சுற்றி நுழைந்தேன். பாயிலிருந்து வினிதா முகத்தைத் திருப்பினாள். மூக்கு விரிந்தது.

“வாங்கக்கா. தலைக்குக் குளிச்சீங்களா?”

“ஆமா.”

காப்பி வந்தது. நாற்காலி வந்தது. நோட்டைத் திறந்து பேனா மூடியைக் கழற்றினேன்.

“இந்தத் தடவை ஹைதராபாத்லேருந்து அனுப்பியிருக்காங்களாம். என்ன எழுதலாம் அன்னம்?”

நிமிர்ந்து பார்த்தேன். அவள் அடுப்படிக்குப் போகாமல் என் முன்னாலேயே நின்றாள். தலையில் ஒரு துணியைச் சுற்றிக் கட்டியிருந்தாள்.

“தலையில என்ன?”

“கத்தரி வெச்சிட்டேன்க்கா.”

“என்னது!”

துணியை அவிழ்த்தாள். இடது பக்கம் காதுக்குப் பின்னால் ஒரு கொத்து ஒட்ட வெட்டியிருந்தது. மீதி முடி சிக்கேறிக் கயிறு கயிறாகக் கிடந்தது. சீப்பு உள்ளே போகாத முடி.

“நேத்து வெட்டிப்புடலாம்னு ஒக்காந்தேன். பாதியில அவரு பாத்துட்டாரு. ‘நான் குத்துக்கல்லு மாதிரி இருக்குறப்ப எதுக்குடி தலைய மழிக்கிற’ன்னு கத்தரியப் புடுங்கிக்கிட்டாரு. அழுதுட்டாருக்கா. அவரு அழுது நான் பாத்ததில்ல.”

“ஏன் அன்னம் இப்புடிப் பண்ணின?”

“வேற என்ன பண்றது? இவ வயசுக்கு வந்து ரெண்டு வருஷம் ஆவுது. எங்க மாமியா செத்தும் ரெண்டு வருஷம் ஆவுது. அன்னியிலேருந்து தலைக்கு எண்ண வெச்சிக் குளிக்கல. சொம்பு தண்ணி, அஞ்சு நிமிஷம், கதவத் தொறந்து வெச்சிக்கிட்டு. தேச்சி, ஊறி, சீயக்காய் போட்டு அலசி, காயவெக்க நேரம் ஏது? நடுவுல இவளுக்கு வந்துட்டா?”

எழுத வேண்டும் என்று கை தானாக நோட்டுப் பக்கம் போனது. உண்மை அது. அவள் பார்த்துவிட்டாள்.

“எழுதாதீங்கக்கா.”

குரல் உயரவில்லை. குனிந்து என் மடியிலிருந்த நோட்டை எடுத்தாள். மூடி, வெளியே எட்டி, ஏழாவது வீல் சேரின் மேல் வைத்தாள். அது அங்கே சரியாக உட்கார்ந்தது.

“ரொம்ப நாளாக் கேக்கணும்னு… தப்பா நெனச்சிக்காதீங்க. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம வர்றீங்க. நீங்க வந்தாலே இவ உங்க பக்கம்தான் திரும்பிக்கிறா. அந்தச் சாம்பிராணி வாசன அவளுக்குப் புடிச்சிருக்கு. வேற யாருகிட்டயும் அப்புடித் திரும்ப மாட்டா. ரெண்டு மணி நேரம் இருந்துட்டுத்தான் போறீங்க. நான் காப்பி போடுறேன், நீங்க எழுதுறீங்க. இன்னிக்கி காப்பியும் வேணாம், எழுத்தும் வேணாம்க்கா. அந்த நாற்காலியில இல்ல, கீழ, பாயில, இவ பக்கத்துல ஒக்காருங்க. வலிப்பு வந்தா எப்புடித் திருப்பணும்னு இப்ப காட்டித் தர்றேன். நான் எண்ண தேச்சிக் குளிச்சிட்டு வந்துடறேன்.”